தால், தால், தால்

அக்டோபர் 7, திங்கள்

நிலவு: தால். முகமூடி: தால். மகள்: தால். தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்று. கொரியத்தில் மூன்றுக்கும் முதலெழுத்து வேறு. நிலவுக்குத் தளர்ந்த த, முகமூடிக்கு மூச்சு சேர்ந்த த, மகளுக்கு இறுகிய த. நெருப்பு, புல், கொம்பு மூன்றும் 'புல்' ஆவதும் இதே கதைதான்.

டிஷ்யூத் தாளை உதட்டுக்கு முன்னால் நான்கு விரல் தள்ளிப் பிடித்துப் பார்ப்பது பழைய சோதனை. முகமூடிக்குத் தாள் துள்ளும். நிலவுக்கு லேசாக அசையும். மகளுக்கு அசையவே கூடாது. இறுகிய ஒலி நமக்குச் சொல்லின் நடுவில் தண்ணீர் பட்ட பாடு. 'அப்பா'வில் வரும் 'ப்பா' அதுதான். சொல்லின் தலையில் வந்தால் மட்டும் வாய் மறுக்கிறது. அதற்கு வழி: மனசுக்குள் 'பத்தால்' என்று தொடங்கி, 'பத்'தை விழுங்கிவிட்டு மிச்சத்தை வெளியே விடுவது.

ஆனால் சியோலில் இளவயதுக்காரர்கள் நிலவையும் முகமூடியையும் மூச்சைவிடச் சுருதியால்தான் பிரிக்கிறார்கள். நிலவு கீழ், முகமூடி மேல். டிஷ்யூவில் இது தெரியாது.

அக்டோபர் 9, புதன்

ஹங்குல் நாள், கொரிய எழுத்துக்கான நாள். 1991இல் விடுமுறைப் பட்டியலிலிருந்து தூக்கி, 2013இல் மறுபடி சேர்த்தார்கள். வகுப்பு இல்லை.

சேஜோங் மன்னர் 1443இல் ஆக்கி 1446இல் வெளியிட்டது 28 எழுத்து. இப்போது புழங்குவது 24. எழுத்தின் வடிவத்துக்குக் காரணம் சொல்லும் விளக்க நூல் 1940இல்தான் கைக்குக் கிடைத்தது. அதுவரை ஜன்னல் சட்டத்தைப் பார்த்து வரைந்தார் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். க: அடிநா எழும்பித் தொண்டையை அடைக்கும் பக்கவாட்டுத் தோற்றம். ந: நுனிநா மேலே தொடுவது. ம: வாய். ஸ: பல். வட்டம்: தொண்டை. தொல்காப்பியப் பிறப்பியல், எந்த எழுத்து நாவின் எந்த இடத்தில் பிறக்கிறது என்று சூத்திரமாகச் சொல்லும். இவர் அதைக் கோட்டுப்படமாகவே போட்டுவிட்டார். மூச்சு சேர்ந்தால் ஒரு கோடு கூடுதல். இறுகினால் எழுத்து இரட்டிக்கும், நாம் 'த்த' எழுதுகிற மாதிரி.

உயிரெழுத்தில் இரண்டு இடத்தில் கால் இடறும். வெறும் கிடைக்கோடாக எழுதும் உயிரை எல்லாரும் 'உ' என்று சொல்லிக் கெடுக்கிறார்கள். அது நம் குற்றியலுகரம். 'காது', 'பாட்டு' இவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, அதேதான். இன்னொன்று இரண்டு 'ஒ'. ஒன்றில் உதடு குவியும், மற்றதில் குவியாது, தாடை இறங்கும். தலைநகரின் பெயரிலேயே குவியாத ஒ இருக்கிறது: ஸொ-உல். 'சியோல்' என்று நாம் எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியது.

அக்டோபர் 10, வியாழன்

இரவு 8 மணி: எழுத்தாளர் ஹன் காங்குக்கு நோபல். ஹங்குலில் அவர் பெயரும் சியோலின் ஹன் நதியின் பெயரும் (ஹன்காங்) எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

அக்டோபர் 16, புதன்

இறுதிமெய். எழுதுவதற்கு 27 வகை, ஒலிப்பதற்கு ஏழே ஏழு. அரிவாள், பகல், முகம் மூன்றும் தனியாக நின்றால் 'நத்'. பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் உருபு வந்தால்தான் குட்டு வெளிப்படும்: நஷி, நஜி, நச்சி. அதனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வது வீண். உருபோடு சேர்த்தே நோட்டில் எழுத வேண்டும்.

அடுத்தது புணர்ச்சி. குக் (சாறு) + முல் (நீர்) = குங்முல். ஹப் + நிதா = ஹம்நிதா. சின் + லா = சில்லா. பல் + முகம் = பன்முகம் என்று படித்து வந்தவர்களுக்கு இதில் மிரள ஒன்றும் இல்லை. வித்தியாசம் எழுத்தில் இருக்கிறது. நாம் திரிந்த பிறகு எழுதுகிறோம்; அவர்கள் திரிவதற்கு முன் எழுதிவிட்டு, திரிந்ததாகப் படிக்கிறார்கள். 1933இல் எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தியபோது வேர்ச்சொல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். படிக்கச் சுகம். காதால் கேட்டு எழுதும்போது உயிர் போகிறது.

அக்டோபர் 17, வியாழன்

தால். தால். தால். மகள் இன்னும் நிலவாகவே விழுகிறாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

இலக்கணம் தமிழர்க்கு எளிது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான், அங்கேதான் வினை.

எளிது எப்படி என்றால்: வினை கடைசியில். உருபு பெயருக்குப் பின்னால். 'நானும்' என்பதில் உள்ள உம் அங்கே 'தொ'. 'வந்தால்' என்பது 'ஒமியொன்'. 'சாப்பிட்ட சோறு' என்பதைப் பெயரெச்சமாகவே வைக்கிறார்கள்: மொகுன் பாப். 'சாப்பிட்டுப் பார்' என்பதில் 'பார்' நிஜமாகவே கண்ணால் பார்க்கும் 'பொதா'. 'மறந்துவிடு' என்றால் மறந்து + எறி. செய்து கொடு, செய்து வை எல்லாம் அப்படியே. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு மூன்று வாரம் ஆகும் பாடம் நமக்கு மூன்று நிமிடம்.

இந்த ஒற்றுமையைப் பார்த்து 1905இல் ஹோமர் ஹல்பர்ட் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணமே எழுதினார். இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போகும் மொழிகள் உலகில் ஏராளம். அப்பாவும் அம்மாவும் குழந்தை வாயில் எங்கேயும் பிறக்கும் சொற்கள். தமிழுக்கும் கொரியத்துக்கும் பொதுச்சொற்கள் என்று சுற்றும் பட்டியலைப் பகிர்ந்து புல்லரிப்பதை விட்டால் ஒரு நாளைக்கு அரை மணி மிச்சம்.

வினை எங்கே என்றால்: 'மழை பெய்றதால குடை எடுத்துட்டுப் போ.' தமிழில் குற்றமே இல்லை. இதை நேராக 'வாசொ' ('வருவதால்') போட்டு எழுதினால் தவறு. காரணம் சொல்லும் 'சொ'வுக்குப் பின்னால் ஏவலோ 'வாங்க போகலாம்' வகையோ வராது. அங்கே 'நிக்கா' வேண்டும்: ஒநிக்கா. அடுத்தது, 'சொ'வுக்கு முன்னால் இறந்தகாலம் ஒட்டாது. 'நேற்று மழை பெய்ததால் வரவில்லை' என்று தமிழில் யோசிப்பவர் கை தானாக இறந்தகாலத்தைச் செருகும். அடிக்க வேண்டும். மூன்றாவது, மன்னிப்புக்கும் நன்றிக்கும் 'சொ' மட்டும்தான். தாமதமாக வந்துவிட்டு 'நிக்கா' போட்டு மன்னிப்புக் கேட்டால், 'லேட்டுதான், அதான் சாரி சொல்றேன்ல' என்ற தொனி வந்துவிடும்.

அக்டோபர் 24, வியாழன்

எண்கள். மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன வழி எண். ஒரே வாக்கியத்தில் இரண்டும். ஜூன் 'யுக்வொல்' இல்லை, 'யுவொல்'. அக்டோபர் 'ஷிவொல்'. பெரிய எண்ணை நான்கு சுழியில் வெட்ட வேண்டும்: பத்தாயிரம் ஒரு 'மன்'. லட்சம் = 10 மன். கோடி = 1,000 மன். பத்துக் கோடிக்குத்தான் அடுத்த பெயர், 'ஒக்'. ஆங்கிலத்தின் மூன்று சுழி வழியாகப் போகாமல் லட்சம், கோடியிலிருந்து நேரே தாவினால் சீக்கிரம் வரும். வாடகை முன்பணம் 'சொன்மன்' என்றால் ஒரு கோடி வொன். பதறத் தேவையில்லை, ரூபாய் அல்ல.

அக்டோபர் 30, புதன்

54ஆம் கேள்வி.

டோபிக் 2 என்னும் கொரிய மொழித் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 50 நிமிடம், நான்கு கேள்வி. 51, 52 வெற்றிடம் நிரப்புதல், தலா 10 மதிப்பெண். 53 வரைபடத்தைப் பார்த்து 200 முதல் 300 எழுத்து, 30 மதிப்பெண். 54 கட்டுரை, 600 முதல் 700 எழுத்து, 50 மதிப்பெண். சொல் இல்லை, எழுத்து. இடைவெளியும் கணக்கில் சேரும். முதல் இரண்டை 7 நிமிடத்திலும் 53ஐ 13 நிமிடத்திலும் முடித்தால் 54க்கு 30 மிஞ்சும். 51இல் உட்கார்ந்து தச்சு வேலை பார்ப்பவர்கள்தான் 54ஐப் பாதியில் விடுகிறார்கள்.

தாள் கட்டம் போட்டது. கட்டத்துக்கு ஒரு அசை. பத்தி தொடங்கினால் முதல் கட்டம் காலி. எண் என்றால் கட்டத்துக்கு இரண்டு இலக்கம். முற்றுப்புள்ளிக்குத் தனிக் கட்டம், அதற்குப் பின் காலி விட வேண்டாம். வரியின் கடைசிக் கட்டத்தில் அசை முடிந்து புள்ளிக்கு இடம் இல்லையென்றால் அதே கட்டத்துக்குள் திணிக்க வேண்டும். புள்ளி அடுத்த வரித் தலையில் நிற்கக் கூடாது. சொல் இடைவெளி வரித் தலையில் விழுந்தாலும் காலி விடக் கூடாது. பத்தி என்று நினைத்துவிடுவார்கள்.

நடை 'தா'வில் முடியும் எழுத்து நடை. பேச்சின் 'யோ' ஒன்று தப்பி விழுந்தாலும் நடை கெட்டது என்று குறைப்பார்கள். கேள்வியிலேயே இரண்டு மூன்று துணைக்கேள்வி இருக்கும். அவற்றுக்கு வரிசையாகப் பத்தி வைத்தாலே உள்ளடக்க மதிப்பெண் பெரும்பாலும் வந்துவிடும். அழகான தொடக்கம் தேடுவது வேலைக்கு ஆகாது.

கேள்வி வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதி எழுத்து எண்ணிக்கையை நிரப்பலாம் என்ற யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. கூடாது.

நவம்பர் 6, புதன்

54. மறுபடி 54. 583 எழுத்தில் நின்றது.

நவம்பர் 9, சனி

அடையாள அட்டை. அனுமதிச் சீட்டு. முள் உள்ள கைக்கடிகாரம். பேனா அவர்களே தருவார்கள், ஒரு முனை தடி, ஒரு முனை மெல்லியது. குறிப்பதற்குத் தடி, எழுதுவதற்கு மெல்லியது. மாற்றிப் பிடித்தால் கட்டமெல்லாம் மை.

நவம்பர் 10, ஞாயிறு

12:20க்குள் உள்ளே. 1 மணிக்குக் கேட்டல் 60 நிமிடம், இடைவெளி இல்லாமல் எழுத்து. 3:20க்கு வாசிப்பு, 70 நிமிடத்தில் 50 கேள்வி. 42க்கு மேல் தாள் நீந்துகிறது.

300க்கு 120 மூன்றாம் நிலை, 150 நான்கு, 190 ஐந்து, 230 ஆறு. எண்ணக் கூடாது.

நவம்பர் 14, வியாழன்

இன்று பள்ளிப் பிள்ளைகளின் சுனுங், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. ஆங்கிலக் கேட்டல் பகுதிக்காக மதியம் 1:05 முதல் 1:40 வரை நாடு முழுக்க விமானம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நவம்பர் 20, புதன்

மரியாதை. வினையில் 'ஷி' சேர்த்தால் போதும் என்று முதல் புத்தகம் சொல்கிறது. போதாது, சொல்லே மாறும். பெரியவர் சாப்பிட்டால், தூங்கினால், இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை. வீடு, வயது, பெயர் எல்லாவற்றுக்கும் மரியாதைப் பெயர் தனி. நம்மிடமும் 'எழுந்தருளினார்' உண்டு, ஆனால் கோயிலோடு சரி. இங்கே பாட்டியிடம் வயது கேட்கவே அந்தச் சொல் வேண்டும்.

மறுபக்கம்: காபிக் கடைகளில் 'உங்க காபி வந்துட்டாங்க' என்கிற மாதிரி காபிக்கே 'ஷி' போடுகிறார்கள். மரியாதை வாடிக்கையாளருக்கு, குவளைக்கு அல்ல என்று மொழி ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். காதில் விழுந்ததையெல்லாம் நோட்டில் ஏற்றக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம்.

முறைப்பெயர்: பெண்ணுக்கு அண்ணன் 'ஒப்பா', ஆணுக்கு அண்ணன் 'ஹ்யொங்'. அழைப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. ஓர் ஆண் மாணவர் மூத்த மாணவரை 'ஒப்பா' என்றால் வகுப்பு ஒரு வாரம் சிரிக்கும்.

நவம்பர் 27, புதன்

பனி. 1907இல் பதிவு தொடங்கியதிலிருந்து சியோலில் நவம்பரில் இவ்வளவு பெய்ததில்லையாம். பனிக்கும் கண்ணுக்கும் ஒரே சொல், நுன். வகுப்பு உண்டு.

டிசம்பர் 4, புதன்

தூக்கம் இல்லை. நேற்றிரவு பத்தரை மணி வாக்கில் அதிபர் தொலைக்காட்சியில். பிசாங் கேயொம்.

பிசாங் தெரிந்த சொல். எல்லாக் கட்டடத்திலும் கதவுக்கு மேலே பச்சை விளக்கில் ஓடும் மனிதன், பக்கத்தில் 'பிசாங்-கு', அவசர வழி. கேயொம்தான் புதிது: ராணுவச் சட்டம். செய்தி வாசிப்பில் சீன வழிச் சொற்கள் மழையாகக் கொட்டுகின்றன, உருபு மட்டும்தான் பிடிபடுகிறது. 1 மணிக்கு நாடாளுமன்ற அவையில் 190 பேர், 190ம் ஆதரவு. திரையில் 'ஹேஜே கோரும் தீர்மானம்'. ஹே என்றால் அவிழ்ப்பது. இ-ஹே புரிதல், ஹே-சொக் பொருள் சொல்வது, ஹே-க்யொல் தீர்வு. அதனால் ஹே-ஜே: விலக்குவது. நாலரை மணிக்கு விலகியது.

அசை அசையாகச் சேர்த்துப் படிப்பதன் பயன் வகுப்பில் தெரியவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

முடிவு இன்னும் வரவில்லை.

டிசம்பர் 11, புதன்

'உன்/நுன்' ஒரு பக்கம், 'இ/கா' ஒரு பக்கம். தமிழில் எழுவாய்க்கு உருபே கிடையாது, அங்கே இரண்டு. 'யார் வந்தது?' என்றால் விடையில் 'இ/கா'தான். 'தம்பி'க்கு 'உன்' போட்டால் 'தம்பி வந்தான், மத்தவங்க எங்கேன்னு கேக்காதீங்க' என்று ஆகிவிடும். நாம் குரலை அழுத்திச் செய்வதை அவர்கள் ஓர் அசையால் செய்கிறார்கள்.

கைகொடுக்கும் விதி ஒன்று உண்டு. பெயரெச்சத்துக்குள் இருக்கும் எழுவாய்க்கு 'உன்/நுன்' வராது. 'நான் வாங்கின புத்தகம்' என்பதில் 'நான்'க்கு 'கா'. 54இல் எத்தனை இடத்தில் 'நுன்' போட்டது? முதல் பத்தியில் ஒன்று நிச்சயம். இரண்டாம் பத்தி நினைவில்லை. வரைவு கைவசம் இல்லை.

டிசம்பர் 16, திங்கள்

தால். இன்று மகள் மகளாகவே வந்தாள், மூன்று முறை தொடர்ந்து. நான்காவது முறை நிலவு.

டிசம்பர் 21, சனி

தோங்ஜி. ஆண்டின் நீண்ட இரவு. சிவப்புக் காராமணி மாதிரி இருக்கும் 'பாத்' பயறு வேகவைத்து மசித்த கஞ்சி, அதில் அரிசிமாவு உருண்டை. உருண்டைக்குப் பெயர் 'சேஅல்ஷிம்'. சே பறவை, அல் முட்டை. முதல் கொதியின் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் துவர்க்கும். பயறு பாத், கஞ்சி சுக், சேர்ந்தால் பாத்ச்சுக்: இரண்டாவது எழுத்து இறுகுகிறது. இங்கேயும் அந்த ஒலி.

திங்கட்கிழமைக்கு: 'தொன்', 'அத்தொன்' என்ற பெயரெச்ச விகுதிகளின் வேறுபாடு. ஒன்று பாதியில் நின்றது, மற்றது