விமானத்தில் ஏற்றாமல் ‘நோ ஷோ’ என்று எழுதிவிட்டார்கள்: நுகர்வோர் ஆணையம் வரை போன அனுபவம்

விமான நிறுவனம் தர வேண்டிய பணம் போன வாரம்தான் கணக்கில் ஏறியது. தொகை பெரிதில்லை. ஆனால் அதை வாங்குவதற்குள் பட்ட பாடு இருக்கிறதே, அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். விமான நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்த நிறுவனத்தின் கவுன்டரிலும் இது நடக்கலாம்.

மகளுக்குப் புனேயில் கல்லூரிச் சேர்க்கை. நான், மனைவி, மகள் மூவருக்கும் ஒரே பிஎன்ஆரில் சென்னையிலிருந்து டிக்கெட். முந்தைய நாளே வெப் செக்-இன் செய்யப் பார்த்தபோது இரண்டு பேருக்கு இருக்கை எண் வந்தது, எனக்கு மட்டும் ‘விமான நிலையத்தில் ஒதுக்கப்படும்’ என்று வந்தது. இதைப் பார்த்தால் உடனே உஷாராகிவிடுங்கள். பல நேரம் அதற்குப் பொருள், இருக்கும் சீட்டுகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றிருக்கிறார்கள் என்பதுதான்.

கவுன்டர் மூடுவதற்கு வெகு நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். மனைவிக்கும் மகளுக்கும் போர்டிங் பாஸ் அடித்துக் கொடுத்தார்கள், மூன்று பெட்டிகளையும் எடை போட்டு மனைவி பெயரில் டேக் ஒட்டினார்கள். என்னிடம், “சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க, சீட் வந்துடும்” என்றார் கவுன்டரில் இருந்தவர். நின்றேன். என்னைப் போல இன்னும் சிலரும் நின்றார்கள். கேட்கும்போதெல்லாம் “அஞ்சு நிமிஷம் சார்” என்ற பதில்தான். கடைசியில் ஒரு மேற்பார்வையாளர் வந்து, விமானம் நிரம்பிவிட்டது, மறுநாள் இரவு விமானத்தில்தான் இடம் தர முடியும் என்றார். மறுநாள் காலை கல்லூரியில் இருக்க வேண்டும். மகளின் அசல் சான்றிதழ்கள் என் கைப்பையில். அவற்றை மனைவியிடம் கொடுத்து இருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு, வேறு நிறுவனத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் விலை கொடுத்து நள்ளிரவு டிக்கெட் எடுத்தேன்.

அந்த இடைவெளியில் செய்த ஒரு காரியம்தான் பின்னால் வழக்கையே தூக்கி நிறுத்தியது. விமானம் புறப்படுவதற்கு முன், கவுன்டர் எதிரிலேயே நின்றுகொண்டு அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: “கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டுடன் உங்கள் கவுன்டர் முன் நிற்கிறேன், சீட் இல்லை என்று ஏற்ற மறுக்கிறீர்கள், இதை எழுத்தில் கொடுங்கள்.” பறக்கும் நேரமும் தேதியும் தெரிகிற மேலே உள்ள பலகையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அதில் இணைத்தேன். எழுத்தில் எதுவும் தர மாட்டோம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை, மின்னஞ்சலில் நேரம் பதிந்துவிட்டதே.

சரி, விதி என்ன சொல்கிறது? விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் சிவில் ஏவியேஷன் ரிக்வயர்மென்ட்ஸ் என்ற விதித் தொகுப்பு, செக்ஷன் 3, சீரிஸ் எம், பார்ட் 4. ஏற்ற மறுப்பு, ரத்து, தாமதம் மூன்றுக்கும் பயணிக்கு என்ன தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. இடம் போதவில்லை என்றால், யாராவது தாமாக முன்வந்து சீட்டை விட்டுக்கொடுப்பார்களா என்று முதலில் கேட்க வேண்டும். அன்று அப்படி யாரும் கேட்கவே இல்லை. விருப்பமில்லாத பயணியை நிறுத்தினால், உங்கள் விமானம் புறப்பட இருந்த நேரத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் 200 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் என்றால் 400 சதவீதம், அதிகபட்சம் 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும், கூடவே அந்த 400 சதவீதமும். நான் இந்தக் கடைசி வகை.

இதையெல்லாம் எழுதி அனுப்பினால் சில நாள் கழித்து ஒரு பதில் வந்தது பாருங்கள், படித்ததும் கை நடுங்கிவிட்டது. “எங்கள் பதிவேட்டின்படி நீங்கள் நோ ஷோ. உரிய நேரத்தில் கவுன்டருக்கு வரவில்லை. ஆகவே கட்டணம் திரும்பத் தரப்பட மாட்டாது.” ஒரு குடும்பத்தையே கண்ணெதிரில் பிரித்து அனுப்பிவிட்டு, ஆளே வரவில்லை என்று எழுத எப்படி மனம் வருகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இந்த ‘நோ ஷோ’வை ஏன் போடுகிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. இழப்பீட்டு விதி, கன்ஃபர்ம் டிக்கெட்டுடன் நேரத்துக்கு வந்த பயணிக்குத்தான் பொருந்தும். வரவில்லை என்று எழுதிவிட்டால் விதி முழுவதும் கழன்றுவிடும். அதனால் உங்கள் வாதம் மொத்தமும் ‘நான் நேரத்துக்கு வந்தேன்’ என்ற ஒரே விஷயத்தில் இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: உண்மையிலேயே நோ ஷோ ஆனாலும், திரும்பத் தர முடியாத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். கேட்காதவர்களுக்குத் தருவதாகத் தெரியவில்லை.

டிக்கெட் எடுத்த தளத்தைக் கேட்டால் “விமான நிறுவனத்தைக் கேளுங்கள்” என்றார்கள், நிறுவனத்தைக் கேட்டால் “ஏஜென்டைக் கேளுங்கள்.” இந்தப் பந்தாட்டத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் வழியாக வாங்கினாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான் என்று டிஜிசிஏவின் ரீஃபண்ட் விதி தெளிவாகச் சொல்கிறது. அந்த வரியை அப்படியே எடுத்து மின்னஞ்சலில் ஒட்டிய பிறகுதான் ஏஜென்ட் பல்லவி நின்றது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். அப்போது நிறுவனம் ஒரு வவுச்சர் தர முன்வந்தது, ‘முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்’ என்று பதில் அனுப்ப வேண்டுமாம். அனுப்பவில்லை. தயவுசெய்து நீங்களும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அதோடு வழக்கு முடிந்தது என்று பின்னால் அதையே காட்டுவார்கள்.

அப்புறம் சட்ட அறிவிப்பு. நானே எழுதி ஸ்பீட் போஸ்டில், டிக்கெட்டில் இருந்த முகவரிக்கு அனுப்பினேன், ‘அலுவலகம் மாறிவிட்டது’ என்று திரும்பி வந்தது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரி இலவசமாகக் கிடைக்கும், அதைப் பார்த்து மறுபடி அனுப்பினேன். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள், அதுவும் ஆவணம்தான். அறிவிப்பிலேயே, அன்றைய கவுன்டர் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன்.

பதில் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போட முடிவு செய்தேன். விமானம் ஏறப் போன சென்னைக்கோ, டிக்கெட் நிபந்தனையில் போட்டிருக்கும் டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34இன்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

கட்டாயமில்லைதான், ஆனால் அதை அங்கே எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை. நுகர்வோர் வழக்குகளை இணையத்தில் தாக்கல் செய்யும் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவேற்றியது பெரிய சிக்கலில்லாமல் முடிந்தது. பரிசீலனைப் பிரிவில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் முறை பக்க எண் இல்லை என்று ரிட்டர்ன். சரி செய்தால் தேதிவாரி நிகழ்வுப் பட்டியல் இல்லை என்று ரிட்டர்ன். அதையும் வைத்தால், மின்னஞ்சலுக்கும் படத்துக்கும் மின்னணு ஆவணச் சான்று இல்லையாம். எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுதிக் கொடுத்தால் என்ன என்று நேரில் போய்க் கேட்டேன். “வக்கீல் வெச்சிருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்” என்று தலை நிமிராமலே சொன்னார் அந்த எழுத்தர். சட்டம் எனக்குக் கொடுத்த உரிமையை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர் பிடுங்குவதாகத்தான் எனக்குப் பட்டது.

வெளியே வராந்தாவில் ஒரு வயதான வக்கீல் குமாஸ்தா, “தம்பி, இங்க கொடுங்க” என்று என் காகிதக் கட்டை வாங்கிப் பார்த்தார். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றுக்குப் பதிலாக, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63இன் கீழ் மின்னணு ஆவணச் சான்று கொடுக்க வேண்டும் என்று சொல்லி, மாதிரியும் காட்டினார். அட்டவணை, தேதிப் பட்டியல், புகார் மனு, நோட்டரி கையெழுத்துடன் பிரமாணப் பத்திரம், ஆவணங்கள், கடைசியில் அந்தச் சான்று, இந்த வரிசையில் கட்டச் சொன்னார். காசு எதுவும் வாங்கவில்லை. அடுத்த முறை கேள்வியே இல்லாமல் வழக்கு எண்ணிடப்பட்டது.

நிறுவனத்தின் வக்கீல் பதிலுரைக்கு அனுமதிக்கப்பட்ட 30 நாளையும் முடித்து, கூடுதல் 15 நாளையும் கேட்டு வாங்கி, கடைசி நேரத்தில் தாக்கல் செய்தார். அந்த 45 நாளைத் தாண்டினால் பதிலுரையை ஏற்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அதனால் நோட்டீஸ் எந்தத் தேதியில் அவர்களுக்குக் கிடைத்தது என்ற டிராக்கிங் பக்கத்தை அன்றே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுரையில் இரண்டு வாதங்கள். ஒன்று, டிக்கெட் நிபந்தனைகளின்படி டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம். இதற்குப் பிரிவு 34ஐயும், 2011இல் ஒரு தனியார் விமான நிறுவன வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் காட்டினேன். டிக்கெட்டில் டெல்லி என்று போட்டிருப்பது ஹைதராபாத் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வழக்கில் பயணிக்குக் கொடுத்த இழப்பீடு ரத்தானது உண்மை, ஆனால் அது அந்த வழக்கின் தகவல்களை வைத்து. அதிகார வரம்பு பற்றிய பகுதி நமக்குச் சாதகம். டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஊர் பெயர் இருப்பதைப் பார்த்தே எத்தனை பேர் ஒதுங்கிவிடுகிறார்களோ.

இரண்டாவது, அதே நோ ஷோ. இதற்கு நான் வைத்தது மிக எளிமையான கேள்வி. ஒரே பிஎன்ஆர், ஒன்றாக வந்த மூன்று பேர், இரண்டு பேருக்கு உரிய நேரத்தில் போர்டிங் பாஸ் கொடுத்திருக்கிறீர்கள், மூன்று பெட்டிகளை வாங்கியிருக்கிறீர்கள். மூன்றாவது ஆள் மட்டும் எப்படி வராமல் போனார்? விமானம் கிளம்பும் முன் உங்கள் கவுன்டர் எதிரிலிருந்து அனுப்பிய மின்னஞ்சலும் படமும் இதோ. இல்லை என்றால் சிசிடிவியைக் காட்டுங்கள். அவர்கள் காட்டவில்லை. பதிவு இப்போது இல்லை என்றார்கள். எழுத்தில் கேட்ட பிறகும் பாதுகாக்காதது அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று உத்தரவில் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை நாள் என்னைப் பொய்யனாக்கியிருந்த ஒரு பதிவு அன்றுதான் பொய் என்று ஆனது.

நடுவில் பல வாய்தாக்கள். அதைப் பற்றி எழுதி உங்களைச் சோர்வாக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும்: உங்கள் வழக்கு அழைக்கப்படும்போது நீங்கள் இல்லாவிட்டால் தள்ளுபடி ஆகலாம், எதிர்த்தரப்பு வராது என்று தெரிந்த நாளிலும் போய் நில்லுங்கள்.

டிக்கெட் பணம், விதிப்படியான 400 சதவீதம் (என் அடிப்படைக் கட்டணமும் எரிபொருளும் சேர்ந்து 4,300 என்பதால் 17,200 ரூபாய்), மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனியே ஒரு தொகை என்று உத்தரவு வந்தது. நள்ளிரவு டிக்கெட்டுக்குக் கொடுத்த கூடுதல் விலையைத் தனியாகக் கேட்டிருந்தேன், அது கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

உத்தரவில் சொன்ன கெடுவும் தாண்டிப் போயிற்று, பணம் வரவில்லை. மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு, அப்படிப் போனாலும் அவர்கள் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அந்த நாட்களும் கழிந்த பிறகு, அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 71, 72இன் கீழ், உத்தரவை நிறைவேற்றக் கோரும் நிறைவேற்று மனு தயாரித்து, அதன் நகலை அவர்கள் வக்கீலுக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். 72ஆவது பிரிவில் 1 மாதத்துக்குக் குறையாத சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. மனு தாக்கல் ஆவதற்கு முன்பே வக்கீல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது, வங்கிக் கணக்கு எண் கேட்டார்கள். போனில் சொல்லவில்லை, மின்னஞ்சலில் கேட்க வைத்து மின்னஞ்சலிலேயே அனுப்பினேன். உத்தரவில் இருந்த தொகையை ரூபாய் விடாமல் கூட்டிப் பார்த்து, சரியாக வந்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.