சீத்தாவில் கைவழி மகரந்தச் சேர்க்கை: இந்தப் பருவத்து நிலவரம்

சீத்தா மரம் பூப்பதில் குறை வைப்பதில்லை. பூத்தவற்றில் பெரும்பகுதி பிஞ்சு பிடிக்காமலே உதிர்ந்துவிடுவதுதான் தொல்லை. உரம் போதவில்லை, தேனீ வரவில்லை என்று பலரும் காரணம் சொல்வதுண்டு. ஆனால் தலைகீழாகத் தொங்கும் அந்தப் பூவின் மூன்று தடித்த இதழ்களுக்கு இடையே தேனீ நுழைவது அரிது. இயற்கையில் அந்த வேலையைச் செய்பவை பழவாசனைக்கு வரும் மிகச் சிறிய வண்டுகளே. அதைவிடப் பெரிய தடை, ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தை ஏற்கும் பெண்பாகமான சூல்முடி முதலில் பக்குவமடைந்து, அதன் ஈரம் வற்றத் தொடங்கிய பிறகே மகரந்தப் பைகள் வெடிப்பதாகும். ஆகவே வீட்டுத் தோட்டத்தில் உள்ள நாட்டுச் சீத்தாவிலும், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கலப்பினமான அர்கா சஹானிலும் கையால் மகரந்தம் இட்டுப் பார்த்தேன்.

மகரந்தம் முளைக்கிறதா என்பதை முதலில் சோதித்தேன். 1963இல் புரூபேக்கர், குவாக் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட, மகரந்தத்தை முளைக்க வைக்கும் கலவையையே பயன்படுத்தினேன்: ஒரு லிட்டர் நீருக்குச் சர்க்கரை 100 கிராம், போரிக் அமிலம் 100 மி.கி., கால்சியம் நைட்ரேட் 300 மி.கி., மக்னீசியம் சல்பேட் 200 மி.கி., பொட்டாசியம் நைட்ரேட் 100 மி.கி. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, அதில் மகரந்தத்தைத் தூவி, ஈரத்தாள் விரித்த மூடிய டப்பாவில் சில மணி நேரம் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நான்கு நான்காக ஒட்டியிருக்கும் மணிகளிலிருந்து மெல்லிய குழல்கள் நீள்வது தெரியும். விடியற்காலையில் எடுத்த மகரந்தம் நன்றாகவே முளைத்தது. அதையே திறந்த தட்டில் மதியம் வரை வைத்தபோது மிகச் சிலவே குழல் விட்டன. கத்திரி வெயில் நாட்களில் எடுத்தது, மழைக்குப் பின் எடுத்ததைவிடத் தெளிவாகவே பின்தங்கியிருந்தது. குழல் வளர்ச்சிக்குப் போரான் தேவைதான்; ஆனால் போரான் உப்பான போராக்ஸை இலையில் தெளித்துவிட்டால் காய் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. மண்ணில் குறை இருந்தால் அது உதவும். அளவு மீறினால் இலை கருகும்.

சேர்க்கை முறை எளியது. அதிகாலையில் இதழ்கள் அகல விரிந்து, லேசாகத் தட்டினாலே மகரந்தம் உதிரும் பூக்களைப் பறித்துத் தாளில் உதறிச் சேகரிக்க வேண்டும். அதே வேளையில், இதழ்நுனி சற்றே விலகியிருக்கும், சூல்முடி பளபளப்பாக ஈரம் காட்டும் பூக்களும் மரத்தில் இருக்கும்; அவற்றின் இதழை விரலால் மெல்ல விலக்கி, மென்மையான தூரிகையைச் சுழற்றி மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் போதாது, ஏனெனில் ஒவ்வொரு சூலகமும் பழத்தின் ஒரு கண்ணாகிறது. மகரந்தம் எட்டாத பக்கம் பருக்காமல் பழம் கோணலாகிவிடும். தொடக்கத்தில் பிடித்த பிஞ்சுகள் சிலவற்றில் இந்தக் கோணல் தெரிந்தது. தூரிகையை முழுச் சுற்றாகத் திருப்பிய பிறகு உருண்டையாக வந்தன.

அர்கா சஹானுக்கு நாட்டுச் சீத்தாவின் மகரந்தத்தையே இட்டேன். அந்த இரகத்துக்குப் பரிந்துரைக்கப்படுவதும் அதுதான். இட்ட பூக்களில் பாதிக்கு மேல் பிஞ்சாக நின்றன. தொடாமல் விட்ட கிளைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நின்றன. கடும் வெயில் வாரத்தில் மட்டும் கையால் மகரந்தம் இட்டவையும் காய்ந்து உதிர்ந்தன. அடிமரத்தைச் சுற்றி வைக்கோல் மூடாக்கு இட்டு, மாலையில் நீர் பாய்ச்சிய பிறகு நிலைமை சற்றுத் தேறியது. இப்போது ஒரே கிளையில் பிஞ்சுகள் நெருங்கி நிற்பதால், ஒல்லியான கிளைகளில் ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளி வருகிறேன்.