தனித்தட்டும் திறந்த சன்னலும்

என் பெரியப்பாவுக்குக் காசநோய் என்று உறுதியான அன்று மாலையே ஓர் அலுமினியத் தட்டும் ஒரு டம்ளரும் அவருக்கென ஒதுக்கப்பட்டுக் கொல்லைப்புறத் திண்ணையில் கவிழ்த்து வைக்கப்பட்டன. அதற்கு முந்தைய மூன்று மாதங்களும் அவர் இருமிக்கொண்டேதான் இருந்தார். மார்கழிப் பனிக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்த அந்த ஒரே அறையில்தான் பிள்ளைகள் நான்கு பேரும் அவருக்கு அருகில் படுத்துறங்கினோம். அஞ்ச வேண்டியிருந்த அந்த மாதங்களில் வீட்டில் ஒருவரும் அஞ்சவில்லை.

காசநோய் தட்டு, டம்ளர், துணி, கைகுலுக்கல் ஆகியவற்றால் பரவுவதில்லை. 1882 மார்ச் 24 அன்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்த அதன் கிருமி, நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் நுண்துளிகளாக வெளிப்படுகிறது. துளியின் ஈரம் உலர்ந்தபின் எஞ்சும் துகள், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், காசநோயாளிகள் தங்கியிருந்த அறைகளின் காற்றைக் குழாய் வழியே மேல்தளத்துக்குக் கொண்டுசென்று, அங்கு வளர்க்கப்பட்ட கினிப்பன்றிகளைச் சுவாசிக்க விட்டார்கள். நோயாளிகளை ஒருபோதும் நெருங்கியிராத அந்த விலங்குகளுக்கும் தொற்று ஏற்பட்டது. கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றைப் பெற்றவை தப்பின. காற்றே வழி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் என்னை மிகவும் நெகிழச் செய்வது நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தாம்பரத்தில் 1928இல் தொடங்கப்பட்டதைப் போன்ற சானடோரியங்களில் ஓய்வும் ஊட்டமான உணவும் தருவதே முறையான சிகிச்சை என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. 1956இல் சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் நெரிசலான வீடுகளிலும் ஓராண்டுக்கு ஒரே மாத்திரைகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள். குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் தெரிந்தது. அவர்களுக்குத் தொற்றியதெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்றியிருந்தது; சரியான மருந்து தொடங்கிய பின் பரப்பும் தன்மை விரைவாகக் குறைந்துவிடுகிறது.

இந்த முடிவுகள் 1959 முதல் வெளிவந்தன. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும், ஆறு மாத மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கி, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று எழுதி வாங்கிய பின்னும், என் பெரியப்பா அந்தத் தட்டில்தான் சாப்பிட்டார். ஊரார் ஒதுக்குவார்கள் என்ற இந்த அச்சத்தால்தான் பலர் இருமலை மறைக்கிறார்கள். மறைக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டுக் காற்றில் கிருமி சேர்கிறது.

குழந்தைப் பருவத்தில் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி, பிள்ளைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதைச் செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே தடுப்பூசி போட்டாயிற்று என்று இருந்துவிட முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணமில்லை. ஒருவருக்கு நோய் உறுதியானால், உடன் வாழ்பவர்கள் அனைவரும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சர்க்கரை நோயுள்ளவர்களும், பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோயில்லை என்று தெரிந்தபின் மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரைகளை நடுவில் நிறுத்தாமல் முடிப்பதும் அவ்வளவு முக்கியம்.

கிருமி உடலில் புகுந்த அனைவரும் நோயுறுவதில்லை. வாழ்நாளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே அது நோயாகிறது. அந்தச் சிலர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் பசிக்குப் பெரும் பங்குண்டு. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் உள்ளிட்ட உணவுப் பொருள்கள் மாதந்தோறும் வழங்கப்பட்டபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. எங்கள் வீட்டிலோ, பெரியப்பா வேலைக்குப் போக முடியாத அந்த மாதங்களில், பெரியம்மா இரவு உணவை நிறுத்திவிட்டிருந்தார்.