கணப்பின் மேல் ஒரு படம்

பிரான்சின் செனோன்சோ கோட்டையில், டயான் டி புவாத்தியேயின் படுக்கையறைக் கணப்புக்கு மேலே தொங்குவது அவருடைய படமன்று. அவரை இங்கிருந்து வெளியேற்றிய அரசி கேத்தரின் டி மெடிசியின் படம்.

இன்று அதன் எதிரே நெடுநேரம் நின்றிருந்தேன்.

தோமா பொயே கட்டிய இந்தக் கோட்டை, அவர் விட்டுச்சென்ற கடனுக்காக 1535-இல் அரசுடைமையானது. 1547-இல் இரண்டாம் ஹென்றி அதைத் தம் காதலி டயானுக்கு அளித்தார். அவரோ செர் ஆற்றின் மீது பாலம் கட்டினார். 1559-இல் மன்னர் இறந்ததும், கணவரை இழந்த கேத்தரின், ஷோமோன் கோட்டையை மாற்றாகக் கொடுத்து டயானை அகற்றியதோடு நில்லாமல், அவருடைய பாலத்தின் மேலேயே அறுபது மீட்டர் நீள நடன மண்டபத்தை எழுப்பினார். பழிவாங்குவதிலும் இப்படியொரு கலையுணர்வு!

புரட்சிக் காலத்தில், அந்தப் பகுதியில் ஆற்றைக் கடக்க இது ஒன்றே பாலம் என்று வாதாடி, அப்போதைய உடைமையாளர் லூயிஸ் துய்பேன் கோட்டையை இடிபடாமல் காத்தாராம்.

1913-இல் வாங்கிய மெனியே குடும்பம் சாக்லேட் வணிகத்தில் செழித்தது. முதல் உலகப்போரில் அந்த நடன மண்டபம் காயமுற்ற வீரர்களின் மருத்துவமனையானது. கோட்டை இன்றும் அக்குடும்பத்தாரிடமே இருக்கிறது.

படத்தை மட்டும் யாரும் அகற்றவில்லை.