நட்சத்திரம் தேய்ந்த ஐந்து ரூபாய்

போன வாரம் தருமபுரி பேருந்து நிலையத்தில் டீ குடித்துவிட்டு வாங்கிய சில்லறையில் ஒரு ஐந்து ரூபாய் கையை விட்டுப் போக மனசே வரவில்லை. ஆண்டுக்குக் கீழே, எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் குறியாக ஹைதராபாத்தின் நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், இரண்டு முனை மட்டும் மங்கலாகத் தெரிகிறது. நாணயம் அடிக்கும் அச்சில், அந்தக் குறிக்கான சின்னக் குழியில் கிரீஸோ தூசியோ அடைத்துக்கொண்டால் இப்படித்தான் வரும்.

அந்த இரண்டு முனையும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மும்பைக்கு வைரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. அதனால் குறி விழாத நாணயத்தைக் கொல்கத்தா என்றுதான் எடுத்து வைப்போம். அமெரிக்காவில் 1922-ல் ஒரு சென்ட் நாணயங்களை டென்வரில் மட்டுமே அடித்தார்கள், அதனால் டென்வரின் குறியான டி எழுத்து இல்லாத 1922 சென்ட் பிழை என்று உடனே சொல்லிவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

அப்புறம், குறியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிழை நாணயம் என்று விற்பவர்களும் உண்டு, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சுரண்டிய இடத்தில் கீறல் இருக்கும், சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இதில் கீறல் இல்லை. தனி உறையில் போட்டு வைத்துவிட்டேன்.