ஒற்றைக்குழி

“ஒற்றைக்குழி, உங்கட ஊர்ப் பெட்டை தங்கம் எடுத்திட்டாள்!”

2024 ஓகஸ்ட் 11, விடியப்புறம். பாரிஸ் ஒலிம்பிக் கோல்ஃபில் நியூசிலாந்தின் லிடியா கோ வென்ற செய்தியை, ஒக்லாந்தில் இருக்கும் எனக்கு டொரன்டோவில் இருப்பவன் சொல்கிறான். யாரென்று உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எல்லாருக்கும் பட்டம் வைத்தவன். 56 வயதிலும் எனக்கு அந்தப் பெயர்தான். பிள்ளைகள் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

அந்தச் செய்தி வந்த நம்முடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒக்ரோபரில் மாஸ்டரின் மரண அறிவித்தல் வந்தது. நம்முடைய சமூகக்கல்வி மாஸ்டர்தான். அவருடைய நினைவு மலருக்கு எழுது என்று நீங்கள் கேட்டபோது வேறொன்றும் எழுத வரவில்லை.

1980இல் நான் ஏழாம் வகுப்பு. பொது அறிவுப் போட்டிகளில் வென்றுகொண்டே போனேன். பழக்கியவர் மாஸ்டர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வேப்பமரத்தடி, ஒரு நீலமட்டைக் கொப்பி, அதில் அச்சடித்ததுபோல அவருடைய எழுத்தில் நாடுகள், நாணயங்கள், ஆறுகள். கன்ரீனில் மிஞ்சிய வடை எங்கள் இரண்டு பேருக்கும். பிரேயரில் இரண்டு தரம் என் பெயர் வாசித்தார்கள். நானும் அப்போது ஒரு சின்னச் சம்பியன்தான்.

இறுதிப் போட்டி நகரத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. கடைசிக் கேள்வி: “முழு அளவிலான கோல்ஃப் மைதானத்தில் எத்தனை குழிகள்?” தடியால் அடிக்கிற விளையாட்டு என்றால் எனக்குத் தெரிந்தது கிட்டிப்புள். அதற்கு ஒரு குழி. கொஞ்சமும் யோசிக்காமல் “ஒன்று” என்றேன். மண்டபம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

அதைக்கூட மறந்திருப்பேன். மேடையிலிருந்து இறங்கியதும் அதிபர், “இதுகூடத் தெரியாதோ?” என்று கேட்டார். “மாஸ்டர் சொல்லித் தரேல்லை, சேர்” என்றேன். மாஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். மேற்சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்தார், திரும்ப வைத்தார்.

அன்று பின்னேரம் அவருடைய சைக்கிள் பாரில்தான் வீட்டுக்கு வந்தேன். வேறு வழி? கொக்குவில் ரயில் கடவை மூடியிருந்தது. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, என் தலைக்கு மேலால் சொன்னார்: “நீ சொன்னது சரிதான் தம்பி. எனக்கும் தெரியாது.”

அந்தச் சனிக்கிழமை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தைப் புரட்டியிருக்கிறார். திங்கட்கிழமை கொப்பியில் ஒரு புதுப் பக்கம். 18 குழி. ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸில் முன்பு 22 இருந்தது, 1764இல் 18 ஆக்கினார்கள். குழியின் அகலம் 4¼ அங்குலம். அந்த அளவுக்குக் கவராயத்தால் ஒரு வட்டமும் கீறியிருந்தார். “பாத்தியோ, 1764க்கு முதல் கேட்டிருந்தால் அவையின்ர விடையும் பிழை” என்று சிரித்தார். அவர் புரட்டிய புத்தகம் அடுத்த வருடம் நூலகத்தோடு எரிந்தது.

ஒக்லாந்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். ஈஸ்ட் கோஸ்ட் வீதியில் புபுகே கோல்ஃப் கழகத்தை எத்தனை ஆயிரம் தரம் தாண்டியிருப்பேனோ தெரியாது. தென்கொரியாவில் பிறந்த லிடியா கோவை ஐந்து வயதில் தாய் கூட்டிப் போனது அங்கேதான். விஜயதசமிக்கு ஏடு தொடக்கக் கொண்டுபோவது மாதிரி, கழகத்திலிருந்த கடையில் கை வில்சன் என்ற பயிற்றுநரிடம் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளை 2005இல், ஏழு வயதில், நியூசிலாந்து அமெச்சூர் போட்டியில் பெரியவர்களோடு நின்றது. 2012 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸ் ஓபனை வென்றபோது வயது 14. அதுவரை அந்த வயதில் தொழில்முறைப் போட்டியை ஆணோ பெண்ணோ யாரும் வென்றதில்லை. ஏழு மாதம் கழித்து, 15 வயதில் கனடா ஓபன். அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தைத் தொட முடியாது. 3,00,000 டொலர் இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. நம்முடைய சனம் என்றால் அந்தக் கவலையிலேயே படுத்துவிடும். 17 வயதில் உலக முதலிடம். டைகர் வுட்ஸுக்கே அதற்கு 21 வயதாக வேண்டியிருந்தது.

இதெல்லாம் எனக்கும் பெருமைதான். ஆனால் மனதில் தைத்தது வேறு. 2013 ஒக்ரோபரில் தொழில்முறைக்கு மாறிய பிள்ளை, டிசம்பரில் வில்சனை விட்டுப் பிரிந்தது. ஐந்து வயதிலிருந்து பழக்கியவர். எங்கள் டிப்போவின் தேநீர் அறையில் பெரிய வாக்குவாதம். நன்றி கெட்ட வேலை என்றார் ஒருவர். பெரிய இடத்துக்குப் போவதென்றால் அப்படித்தான் என்றார் இன்னொருவர். என்னையும் கேட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பி வந்துவிட்டேன்.

1986இல் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 18 வயது. அதற்கு முதல் கிழமை, பின் படலையடியில் மாஸ்டர் மறித்தார். “அந்தக் கொப்பியை ஒருக்காத் தா. ஆறாம் வகுப்பில ஒரு கெட்டிக்காரப் பெடியன் இருக்கிறான்.” நாளைக்குக் கொண்டுவாறன் சேர் என்றேன். பயணம் அப்போதே சரிவந்திருந்தது. ஒருவருக்கும் சொல்லாதே என்று ஐயா சொல்லியிருந்தார், உண்மைதான். ஆனால் மாஸ்டர் ஒருவரா?

லிடியா கோ 2018க்குப் பிறகு மூன்று வருடம் ஒரு வெற்றியும் இல்லாமல் திரிந்ததையும் பார்த்தேன், 2021இல் எழும்பி வந்ததையும் பார்த்தேன். பாரிஸ் தங்கம் எடுத்து இரண்டு கிழமையில் பிரிட்டிஷ் மகளிர் ஓபன், சென்ட் அன்ட்ரூஸில். மாஸ்டரின் கொப்பியில் எழுத்தாக இருந்த இடத்தை அன்றுதான் தொலைக்காட்சியில் சரியாகப் பார்த்தேன். 18ஆம் குழியில் கடைசிப் பந்து விழுந்ததும் மாஸ்டரோடு கதைக்க வேண்டும்போல இருந்தது. அவருடைய தொலைபேசி இலக்கத்தை லண்டன்காரனிடம் வாங்கினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று ஒக்ரோபர் வந்துவிட்டது.

கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீலம் வெளிறி, தையல் விட்டுப்போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டத்தை அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். 4¼ அங்குலம், மயிரிழை பிசகில்லை. உள்ளே எல்லாம் பேனையால் எழுதியவர், மட்டையில் என் பெயரை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறார். அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது அழிக்க வேண்டுமே.