அத்தையின் எண்ணெய்ச் சட்டி

மொரீஷியசின் ரோஸ் ஹில்லில் அத்தை வீடு. அடுப்பில் காத்தோ பிமா. நம்ம பருப்பு வடைதான்.

"ரெண்டே ரெண்டு. எனக்குச் சர்க்கரை" என்று சொல்லிக்கொண்டே அத்தை நாலாவதை எடுத்தார்.

நான் பார்த்தது எண்ணெயை. சோயா.

1987-இல் பால் ஸிம்மெட் முதலிய ஆய்வாளர்கள் மொரீஷியசில் நீரிழிவையும் இதயநோய் அபாயங்களையும் அளந்தார்கள். அப்புறம் அரசு, பெரும்பாலும் பாமாயிலாக இருந்த ரேஷன் எண்ணெயைச் சோயாவாக மாற்றியது. 1992-இல் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5-இலிருந்து 4.7 மில்லிமோலாக இறங்கியிருந்தது. 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரையாக வந்தது.

ஸிம்மெட்டின் நீளமான கட்டுரைப் பட்டியலில் அது ஒரு வரி. அந்த வரிக்குள் எங்கள் அத்தையின் சட்டியும் இருக்கிறது.

சர்க்கரை நோயோ அப்படி இறங்கவில்லை.

அத்தையிடம் விவரம் சொன்னேன்.

"எண்ணெய் நல்லதுதானே? அப்போ இன்னொண்ணு எடு."